போர்ச்சைக் கழுவாதே, பிரிஜெட்

பண்டார் பாரு
6 ஆகஸ்ட் 2024

பிரிஜெட்டுக்கு,

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாளே இந்த மனுஷி என்று சிரிக்காதே. எனக்குக் காது மந்தமாம். மகள் ஷாமளா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறாள். நான் உன்னோடு மட்டும் பேசுகிறேனா, மகள், மருமகன், பக்கத்து வீட்டுச் சீனர் எல்லாரோடும் சேர்த்துப் பேசுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கடிதத்தில் அந்தப் பயம் இல்லை. என் பிள்ளைகள் இரண்டும் மலாய்ப் பள்ளியில் படித்தவை. தமிழெழுத்து அவர்களுக்குக் கோலப் புள்ளி.

கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கைத்தடியோடு நடக்கிறேன். நான் விழுந்த அன்றைக்கு நீ சர்ச் பூசை முடிந்து வந்த சேலையோடு நடுச்சுவரைத் தாண்டிக் குதித்து வந்து என்னைத் தூக்கினாய். சுவர் தாண்டுகிற வயசா உனக்கு? கூடப் பிறந்தவள் இருந்திருந்தாலும் கேட்டைச் சுற்றித்தான் வந்திருப்பாள். அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் விளக்கேற்றவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகளும் மகனும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். சுங்கைப் பட்டாணி வீட்டைச் சரிசெய்து, நான் விழாமல் நடமாடலாம் என்று மகன் லோகேஸ் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் என்னைத் திரும்ப அனுப்புவார்களாம். தீபாவளிக்குள் ஆகாவிட்டால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் இங்கேயே இருக்க வேண்டுமாம். மகள் நன்றாகத்தான் வைத்திருக்கிறாள், குறை சொன்னால் வாய் அழுகும். ஆனாலும் அடுத்தவள் சமையல்கட்டில் கரண்டி எடுக்கக் கேட்டு நிற்பது என்னால் ஆகவில்லை.

இருக்கிற காசு ஒரு வேலைக்குத்தான் காணும். லோகேஸ் பாத்ரூமை உடைத்துக் கட்டச் சொல்கிறான். வேண்டாம். முன்னால் கார் நிறுத்துகிற போர்ச்சில் இருக்கிற டைலைப் பெயர்த்துவிட்டு, சொரசொரவென்று சிமெண்ட் போடச் சொல். சாவி உன்னிடம் இருக்கிறது, கொன்ட்ராக்டர் பரஞ்சோதி சனிக்கிழமை வருவார். ஏன் என்று கேட்காதே. லோகேஸிடம் நான் சொன்னதாகவும் சொல்லாதே.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை வாசலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். போர்ச்சைக் கழுவ வேண்டாம்.

அன்புடன்
மருதம்மாள்

*

சுங்கைப் பட்டாணி
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மருதம்மாள் அக்காவுக்கு,

நீங்கள் கைத்தடியோடு நடப்பதற்குப் பரலோக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டேன். ஆனால் கால் கட்டைப் பிரித்தபோது புத்தியையும் சேர்த்துப் பிரித்துவிட்டார்களா?

இந்தத் தாமான் குடியிருப்பில் நம் வரிசையிலேயே அழகான போர்ச் உங்களுடையது. லோகேஸ் டைல் போட்ட வருஷம் உங்கள் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வந்தவர்கள், செருப்பைக் கழற்றும்போதே தரையில் முகம் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஜெரார்ட் எங்கள் சிமெண்ட் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அதை உடைத்துச் சிமெண்ட் பூச வேண்டுமாம். பரஞ்சோதியிடம் சொன்னேன். "யக்கா, அவுங்களுக்கு மருந்து மாத்திரை மாறிப்போச்சா?" என்கிறார்.

அவரோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவருக்குச் சமையலறையில் கெபினெட் போட ஆசை. "கெபினெட் போட்டா வீட்டுக்கே ஒரு லுக் வரும் லா." கால் உடைந்த மனுஷிக்கு லுக் எதற்கு? ஹாலில் சீலிங் ஒரு மூலையில் ஊறியிருக்கிறது. கேட் துருப்பிடித்துக் கத்துகிறது. பாத்ரூம்தான் மகா மோசம். இறங்குகிற படி உடைந்திருக்கிறது, குந்துகிற கக்கூஸ், பிடித்து எழ ஒரு கம்பி இல்லை. அந்தக் காலோடு எப்படிக் குந்துவீர்கள்?

எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. ஆள் விழும் இடம் முதலில், மழை விழும் இடம் அடுத்தது, கண் விழும் இடம் கடைசி. நீங்கள் பாத்ரூமில் விழுந்தீர்கள். அப்படியிருக்க பாத்ரூம்தான் முதல் வேலை. நானும் அதற்குச் சம்மதம் என்று லோகேஸிடம் போனில் சொல்லிவிட்டேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி, நீங்கதான் அம்மாவுக்குப் புரியவைக்கணும்" என்றான், பாவம்.

துளசிக்குத் தண்ணீர் விடுகிறேன். நீங்கள் விழுந்த அன்று போர்ச்சில் கவிழ்ந்து கிடந்த உங்கள் மஞ்சள் வாளியை நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அதில்தான் தண்ணீர் பிடிக்கிறேன், கோபிக்காதீர்கள்.

உங்கள்
பிரிஜெட்

*

பண்டார் பாரு
22 ஆகஸ்ட் 2024

பிரிஜெட்டுக்கு,

உன்னிடம் சாவியைத்தான் கொடுத்தேன், வீட்டை எழுதிக் கொடுக்கவில்லை.

என் மகனிடம் எனக்கு முன்னால் சம்மதம் சொல்ல நீ யார்? கல்யாணத் தரகரா? நான் மாத்திரை மாற்றிச் சாப்பிட்டேனா என்று கேட்ட பரஞ்சோதிக்கு, அவர் போட்ட எங்கள் கழிவுநீர்க் குழாய் எத்தனை தடவை அடைத்தது என்று ஞாபகப்படுத்து.

காரணம் வேண்டுமா? அந்த டைல் வெயிலில் கண்ணைக் குத்துகிறது. சூடு ஏறுகிறது. பூனை வந்து படுக்கிறது. போதுமா?

பாத்ரூமை நான் சமாளித்துக்கொள்வேன். எஸ்டேட் லயத்தில் பிறந்தவள், பத்து வீட்டுக்கு ஒரு கக்கூஸில் வரிசை நின்றவள். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கடையில் விற்கிறது, அதை மேலே வைத்துக்கொண்டால் ஆயிற்று. போர்ச்சுக்கு அப்படி வைக்க நாற்காலி இல்லை.

கடைசியாகச் சொல்கிறேன். அந்த டைல் அங்கே இருக்கிறவரை நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். வாடகைக்கு விடட்டும். எவளோ வந்து என் சாமி மாடத்தில் ஷாம்பு போத்தலை வைத்துக்கொள்ளட்டும்.

மருதம்மாள்

நீ கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாய் நன்றாக இருந்தது. கோபத்துக்கும் ஊறுகாய்க்கும் சம்பந்தமில்லை.

*

சுங்கைப் பட்டாணி
1 செப்டம்பர் 2024

மருதம்மாள் அக்காவுக்கு,

உங்கள் வீடு, உங்கள் இஷ்டம். பரஞ்சோதியை எதையும் தொடாமல் இருக்கச் சொல்லிவிட்டேன். லோகேஸிடம் "இதில் நான் தலையிடவில்லை" என்றேன். அவன் குரல் இறங்கிப்போயிற்று.

நான் யார் என்று கேட்டீர்கள். என் மகள் செரீனா பிறந்த இரவு ஜெரார்ட் வேலையில் இருந்தபோது என்னை டாக்சியில் ஏற்றிக்கொண்டு போன நீங்கள் யார் என்று நானும் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை. போர்ச் முழுக்கப் புழுதியும் மைனா எச்சமும். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தால் ஆள் செத்த வீடு மாதிரி இருக்கிறது. அந்த வாசலை நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமைகூட அப்படி விட்டதில்லை. எனக்குச் சிரமம் என்று "கழுவ வேண்டாம்" என்கிறீர்கள், தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை சோப்புப் போட்டுத் தேய்த்து, நீங்கள் செய்கிற மாதிரியே மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவப்போகிறேன். கோலம் எனக்கு வராது. பெத்லகேம் நட்சத்திரம் ஒன்று போட்டுவிடுகிறேன், லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பிரிஜெட்

*

பண்டார் பாரு
5 செப்டம்பர் 2024

பிரிஜெட்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. உடனே போன் செய்தேன். ஷாமளா பக்கத்திலேயே நின்றாள். "கழுவாதடி" என்று மட்டும் சொல்ல முடிந்தது. நீ "சரி லா யக்கா, சரி லா" என்றாய். உன் "சரி லா"வை எனக்குத் தெரியும். அதற்குச் செய்யப்போகிறேன் என்று அர்த்தம்.

ஷாமளா "எதம்மா கழுவ வேணாம்?" என்று கேட்டாள். மீன் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும் என்று தெரிந்தும் எழுதுகிறேன், சும்மா இருக்க முடியவில்லை. மாதாவே, முருகா, யார் கேட்கிறீர்களோ கேளுங்கள், நாளைக்கு அவள் அந்தப் போர்ச்சைக் கழுவக் கூடாது. கேட்டது தப்புதான், நீ யார் என்று. மன்னித்துவிடு.

மருதம்மாள்

*

சுங்கைப் பட்டாணி
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

தலையணைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. எலும்பு ஒன்றும் உடையவில்லை, கிளினிக்கில் பார்த்தாயிற்று. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், ஜெரார்ட் ஏற்கனவே சிரித்து முடித்துவிட்டார்.

சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். தென்னந்துடைப்பத்தால் இரண்டு இழுப்பு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கால் எங்கே போயிற்று, நான் எங்கே போனேன் என்று தெரியவில்லை. மல்லாக்க விழுந்து உங்கள் போர்ச்சுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் மஞ்சள் வாளி கவிழ்ந்து உருண்டுகொண்டிருந்தது.

அந்த வாளியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது அக்கா. அன்றைக்கும் அது இதே இடத்தில் இப்படித்தான் கிடந்தது. அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. நான் உங்களைத் தூக்கியபோது பாத்ரூம் தரை காய்ந்து கிடந்தது. உங்கள் நைட்டி மட்டும் முதுகெல்லாம் நனைந்திருந்தது, மஞ்சள் வாசம் அடித்தது. பதற்றத்தில் அதை யோசிக்கவே இல்லை. நீங்கள் பாத்ரூமில் விழவில்லை.

உடைந்த காலை இழுத்துக்கொண்டு போர்ச்சிலிருந்து ஹால், சமையல்கட்டு எல்லாம் தாண்டிப் பின்னால் இருக்கிற பாத்ரூம் வரைக்கும் எப்படிப் போனீர்கள்? ஏன் போனீர்கள்? அங்கேயே கத்தியிருந்தால் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்திருப்பாரே.

ஆள் விழும் இடம் முதலில் என்று உங்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். விழுந்த இடம் எது என்பது மட்டும் தெரியாமல் எடுத்திருக்கிறேன். பாத்ரூமைக் கட்டி, கம்பி போட்டு, உங்களைக் கூட்டி வந்து அந்தப் போர்ச்சில் விட்டிருப்பேன். நீங்கள் பிடிவாதம் பிடித்ததற்கு நன்றி. காரணம் சொல்லாததற்கு மட்டும் நன்றி இல்லை.

ஜெரார்டைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. சொல்லட்டுமா, வேண்டாமா, எழுதுங்கள்.

பிரிஜெட்

*

பண்டார் பாரு
16 செப்டம்பர் 2024

என் பிரிஜெட்டுக்கு,

உன்னை விழவைத்துவிட்டேனே. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எலும்பு உடையாமல் வைத்த தெய்வத்துக்குக் கோடி நன்றி. உன் தெய்வமோ என் தெய்வமோ, நேரில் வந்து சேர்த்தே தேங்காய் உடைக்கிறேன்.

ஏன் போனேன் என்று கேட்கிறாய். லோகேஸ் வேலை நிரந்தரமாகி வாங்கிய முதல் போனஸில் போட்ட டைல் அது. என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் "இது உள்ளுக்குப் போடுறது தம்பி, வெளிய வேணாம்" என்று சொல்லத்தான் செய்தார். இவன் கைக்குட்டையை எடுத்து அந்த டைலைத் துடைத்துக் காட்டி, "பாருங்கம்மா, ஒங்க மொகம் தெரியுது. நம்ம வீட்டுக்கு வர்றவன் வாசல்லயே அசந்துபோகணும்" என்றான். லயத்துச் சாணித் தரையில் பிறந்தவளுக்கு மகன் கண்ணாடித் தரை போடுகிறேன் என்கிறான். எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? நானும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை கழுவுகிற வழக்கத்தை அவனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

கழுவினதும் உடனே பழைய துணியால் துடைத்துவிடுவேன். அன்றைக்குக் கோயில் வேன் வந்துவிடும் என்று அவசரம். விழுந்ததும் வலி அப்புறம்தான் தெரிந்தது. முதலில் தெரிந்தது அவன் முகம். போர்ச்சில் கிடந்தால் வருகிறவர்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் டைலைத்தான் பார்ப்பார்கள். "மவன் போட்ட டைலால ஆத்தா கால ஒடச்சிக்கிட்டா" என்று தாமான் முழுக்கப் பேச்சாகிவிடும். அவன் தாங்கமாட்டான். அவன் அப்பா போனதிலிருந்து ஒவ்வொன்றையும் தன் தலையில் போட்டுக்கொள்கிற பிள்ளை. அதனால் நகர்ந்தேன். எப்படி நகர்ந்தேன் என்று எனக்கும் தெரியாது.

அவனிடம் சொல்லாதே. அவனுக்குத் தெரிவதைவிட நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். இது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன்.

அக்கா
மருதம்மாள்

*

சுங்கைப் பட்டாணி
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்ததும் போனில் "சரி" என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். எப்படி என்று சொல்கிறேன், கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேற்று லோகேஸ் பினாங்கிலிருந்து பாத்ரூம் வேலையைப் பேசி முடிக்க வந்தான். நான் தலையணையோடு போய் உங்கள் ஹாலில் உட்கார்ந்தேன். "என்னாச்சு ஆன்ட்டி?" என்றான். "ஒங்க போர்ச்ச கழுவுறப்ப வழுக்கி விழுந்துட்டேன்பா" என்றேன். நடந்ததுதானே அக்கா? நான் விழுந்ததை என் வாயால் சொன்னேன். உங்கள் பெயரை எடுக்கவே இல்லை.

"சோரி ஆன்ட்டி, சோரி" என்று பத்துத் தடவை சொன்னான். மஞ்சள் வாளியில் தண்ணீர் பிடித்தான், சோப்புக் கரைத்துப் போர்ச்சில் ஊற்றினான். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்தான். தூணைப் பிடித்திராவிட்டால் அவனும் விழுந்திருப்பான். அப்புறம் அங்கேயே குந்தி உட்கார்ந்துகொண்டு ஈரத் தரையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். ஜெரார்ட் போய்ப் பக்கத்தில் நின்றார்.

தலையைத் தூக்காமல், "ஆன்ட்டி, அம்மா வெள்ளிக்கெழமதானே விழுந்தாங்க?" என்றான்.

நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், பொய் சொல்வேன் என்று கொடுக்கவில்லை. அதனால் பேசாமல் இருந்தேன். மாதா சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்து ஜெரார்டிடம், "அங்கிள், ஒங்ககிட்ட சுத்தியலும் உளியும் இருக்கா?" என்றான்.

சாயங்காலம்வரை இருவரும் பெயர்த்தார்கள். சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தாங்களே போர்ச்சை முடித்துவிடுவார்களாம், ஆள்கூலி இல்லை. அதனால் காசு பாத்ரூமுக்கு மிஞ்சும். பரஞ்சோதி படியை இடித்துச் சமமாக்கி, உட்காருகிற கக்கூஸும் சுவரில் கம்பியும் போடுவார். கெபினெட் பற்றிப் பேச்செடுத்தார், லோகேஸ் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். சீலிங்கை அடுத்த வருஷம் பார்க்கலாம், அதுவரை ஒரு சட்டி வைப்போம்.

உடையாமல் வந்த டைல்களை அவன் கழுவி அடுக்கி வைத்திருக்கிறான். எதற்கென்று கேட்டேன். "இருக்கட்டும் ஆன்ட்டி" என்கிறான்.

ஜெரார்ட் இப்போது எங்கள் சிமெண்ட் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில்லை. நான் விழுந்ததற்கு அந்த அளவு பலன் உண்டு.

அன்புத் தங்கை
பிரிஜெட்

*

சுங்கைப் பட்டாணி, என் வீடு
28 அக்டோபர் 2024

பிரிஜெட்டுக்கு,

நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுத்தால் நீ வந்துவிடுவாய். ஆனால் இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அடுப்பில் முறுக்கு எண்ணெய் காய்கிறது. அதனால் எழுதிச் சுவர்மேல் வைக்கிறேன், பறக்காமல் ஒரு டைல் துண்டும் வைத்திருக்கிறேன்.

நேற்று நீயும் ஜெரார்டும் போன பிறகு லோகேஸ் என்னைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் விளக்கைப் போட்டான். கம்பிக்கு மேலே, என் முகத்துக்கு நேராக, அந்தப் பளபளப்பு டைல்களைச் சுவரில் பதித்திருக்கிறான். முகம் தெரிகிறது. "செவுத்துக்குத்தான்மா இது சரியான டைல், நாந்தான் தப்பான எடத்துல போட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகு போர்ச்சைக் காட்டினான். சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று புது டைல். அதன்மேல் தண்ணீர் ஊற்றினான், என்னை நிற்கவைத்தான். கால் அசையவில்லை. கைத்தடியைக்கூட ஊன்றவில்லை. அவன் என் முழங்கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா, இனிமே விழுந்தா விழுந்த எடத்துலயே இருங்க. நகராதீங்க. நா வந்து தூக்குறேன்."

நீ சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நீ பேசாமல் இருந்ததற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு தாயையும் மகனையும் ஒரு பொய்யிலிருந்து காலை உடைக்காமல் வெளியே கொண்டுவந்துவிட்டாய். அதற்காக உன் இடுப்பைக் கொடுத்தாய். இதற்கு நன்றி என்ற ஒரு வார்த்தை போதாது, ஆனாலும் என்னிடம் வேறு வார்த்தை இல்லை. நன்றி பிரிஜெட்.

சரி, அழுதாயிற்று, எண்ணெயும் காய்ந்துவிட்டது. புதன்கிழமை காலையில் தீபாவளிக்கு வாசல் கழுவ வேண்டும். தேங்காயும் வாங்கி வைத்திருக்கிறேன். என் மஞ்சள் வாளி இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வா. கேட்டைச் சுற்றி வா, சுவரைத் தாண்டாதே.

மருதம்மாள்